குளிர் அறை காயிலில் பனிக்கட்டியா? உருக்கும் முறைகளும் கவனிக்க வேண்டியவையும்

கேரட், முட்டைக்கோஸ், திராட்சை, வாழை என்று எந்த விளைபொருளானாலும் விலை வரும்வரை இருப்பு வைக்க முடிந்தால் விவசாயிக்கு லாபம். அதனால்தான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தனி விவசாயிகளும் 5 டன், 10 டன் கொள்ளளவில் சிறிய குளிர் அறைகளை அமைத்து வருகிறார்கள். அறையை அமைத்துக் கொடுப்பவர் சுவிட்ச் போடவும், வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்கவும் சொல்லிக் கொடுப்பார். ஆனால் உள்ளே ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் பனி பிடித்தால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை.

இந்தப் பனியைக் கவனிக்காமல் விட்டால் கரண்ட் பில் ஏறும், பொருளின் எடை குறையும், ஒரு கட்டத்தில் அறை குளிராமல் போய்ச் சரக்கே கெடும். தேவைக்கு மேல் அடிக்கடி உருக்கினாலும் கரண்ட் வீண்தான். உங்கள் அறைக்கு எந்த முறை ஏற்றது, எத்தனை முறை உருக்க வேண்டும் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு வாளி போதும். எப்படி என்று கீழே பார்ப்போம்.

பனி ஏன் பிடிக்கிறது?

குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டு நீராக மாறுவதுதான் காரணம். குளிர் அறையின் காயிலிலும் இதுவே நடக்கிறது. அறையை விடக் காயில் சாதாரணமாக 5 முதல் 8 டிகிரி வரை கூடுதல் குளிர்ச்சியாக இருக்கும். அறை 2 டிகிரி செல்சியஸ் என்றால், காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 3 முதல் 6 டிகிரியில் இருக்கும். அதில் படும் ஈரம் நீராக நிற்காது; பனியாக உறைந்துவிடும்.

ஈரம் மூன்று வழிகளில் வருகிறது. கதவு திறக்கும்போது வெளிக்காற்றோடு வருகிறது. உள்ளே வைத்த காய்கறி, பழம் விடும் ஈரம் இரண்டாவது. ஈரமான கிரேட், கழுவிய பொருள், நனைந்த தரை ஆகியவை மூன்றாவது.

இவற்றில் கதவு வழியாக வரும் ஈரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீர் இருக்கும். பூஜ்ஜியம் டிகிரியில், 90 சதவீத ஈரப்பதத்தில் அதே அளவு காற்று 4 கிராம் சொச்சம்தான் தாங்கும். மீதி 20 கிராம் அறைக்குள் எங்காவது படிந்தே ஆக வேண்டும். 10 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி உள்ள அறையின் கொள்ளளவு 28 கன மீட்டர். கதவை அகலத் திறந்து வைத்து உள்காற்று முழுவதும் மாறிவிட்டால், அந்த ஒரு தடவையிலேயே அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. அதில் பெரும்பகுதி காயிலில் பனியாகும்.

பனியால் வரும் நட்டம்

மெல்லிய வெள்ளைப் படலம் சீராகப் பிடித்திருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. படலம் தடித்து, காயிலின் தகடுகளுக்கு இடையே உள்ள சந்து அடைபடத் தொடங்கும்போதுதான் சிக்கல்.

முதலாவது, ஃபேன் சுற்றினாலும் காற்று வராது. அறையின் தூரத்து மூலையில் உள்ள கிரேட்டுகளுக்குக் குளிர் எட்டாது. இரண்டாவது, பனிப்படலம் காயிலுக்குப் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், மீட்டரும் ஓடும். மூன்றாவது நட்டம் கண்ணுக்குத் தெரியாதது. அடைபட்ட காயில் மேலும் மேலும் குளிர்ந்துகொண்டே போகும். அப்போது அது காற்றிலுள்ள ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும். அந்த ஈரம் உங்கள் கேரட்டிலிருந்தும் கீரையிலிருந்தும்தான் போகிறது. 5 டன் கேரட்டில் 2 சதவீத எடை குறைந்தால் 100 கிலோ போய்விட்டது என்று அர்த்தம். எடை போட்டு விற்பவருக்கு இது கரண்ட் பில்லை விடப் பெரிய இழப்பு.

உங்கள் அறை எந்த வகை?

பனி உருக்குவதை மெக்கானிக்குகள் 'டீஃப்ராஸ்ட்' என்பார்கள். முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் அறையின் வெப்பநிலையைப் பாருங்கள்.

12 முதல் 14 டிகிரி: வாழை, மாங்காய், பச்சைத் தக்காளி வைக்கும் அறைகள். இங்கே காயில் 4 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். தண்ணீர் சொட்டும், பனி பிடிக்கக் கூடாது. பிடித்தால் அது பழுதின் அறிகுறி. டைமர் வைத்து உருக்கிக்கொண்டே இருக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

4 முதல் 8 டிகிரி: பலவகைக் காய்கறிகளைக் கலந்து சில நாட்கள் வைக்கும் அறைகள். பனி கொஞ்சம் பிடிக்கும். அறைக் காற்றே அதை உருக்கிவிடும்.

0 முதல் 2 டிகிரி: கேரட், முட்டைக்கோஸ் போன்ற மலைக்காய்கறிகளை வாரக்கணக்கில் வைக்கும் அறைகள். திராட்சையைப் பூஜ்ஜியத்தை ஒட்டியோ அதற்கு ஒரு டிகிரி கீழேயோ வைப்பார்கள். இங்கே பனி நன்றாகப் பிடிக்கும். அறைக் காற்றை மட்டும் நம்ப முடியாது. ஹீட்டர் போன்ற ஏற்பாடு வேண்டும்.

பூஜ்ஜியத்துக்குக் கீழே 18 டிகிரி: உறைய வைத்த பட்டாணி, மாம்பழக் கூழ், மீன் வைக்கும் அறைகள். வெளியிலிருந்து வெப்பம் கொடுக்காமல் இங்கே பனி உருகவே உருகாது.

உருக்கும் முறைகள்

1. காற்றால் உருக்குதல்

கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுவது. அறைக் காற்று காயில் வழியாகச் சுற்றிச் சுற்றிப் பனியை உருக்கும். தனியாகக் கரண்ட் செலவு இல்லை. உருகும் ஈரத்தில் ஒரு பகுதி காற்றோடு கலந்து காய்கறிக்கே திரும்புவதால் வாடலும் குறையும். 4 டிகிரிக்கு மேல் உள்ள அறைக்கு இதுவே சிறந்தது. 2 டிகிரிக்குக் கீழே உள்ள அறையில் இது மிக மெதுவாக நடக்கும். பாதி உருகி மறுபடி உறைந்து கெட்டியான ஐஸாகிவிடும்.

2. ஹீட்டரால் உருக்குதல்

காயிலுக்குள்ளேயே கரண்ட் ஹீட்டர்கள் பொருத்தப்பட்டிருக்கும். சிறிய குளிர் அறைகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இது ஓடும் வரிசை முக்கியம். முதலில் கம்ப்ரசரும் ஃபேனும் நிற்க வேண்டும். பிறகு ஹீட்டர் சூடாகும். காயிலில் உள்ள சென்சார் 10 முதல் 15 டிகிரி காட்டியதும் ஹீட்டர் அணைய வேண்டும். அடுத்து, தண்ணீர் முழுவதும் சொட்டி வடியச் சில நிமிடம் விட வேண்டும். அதன்பின் கம்ப்ரசர் ஓடி, காயில் நன்கு குளிர்ந்த பிறகே ஃபேன் சுற்ற வேண்டும். ஃபேன் முந்திக்கொண்டால் காயிலில் நிற்கும் நீர்த்துளிகளை அட்டைப்பெட்டி மேலும் கூரை மேலும் வாரியடிக்கும். உங்கள் அறையின் கூரையில் பனி பூத்திருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சென்சார் வேலை செய்யாவிட்டால் ஹீட்டர் டைமர் சொல்லும் நேரம் முழுக்க எரிந்து அறையையே சூடாக்கும். ஆகவே உச்ச நேர வரம்பும் வைத்திருக்க வேண்டும். 0 முதல் 2 டிகிரி அறைக்கு 15 முதல் 20 நிமிடமும், உறைநிலை அறைக்கு 30 நிமிடமும் என்று தொடங்கிப் பார்த்து, பிறகு திருத்திக்கொள்ளலாம்.

3. சூடான கேஸால் உருக்குதல்

கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் சூடான கேஸை வால்வு மூலம் திருப்பிக் காயிலுக்கே அனுப்புவது. குழாய்க்கு உள்ளிருந்து சூடு வருவதால் சீக்கிரம் உருகும். தனி ஹீட்டர் செலவும் இல்லை. பல காயில்கள் உள்ள பெரிய கிடங்குக்கு ஏற்றது. ஆனால் வால்வு அமைப்பு சிக்கலானது. திரவமாகவே கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பினால் கம்ப்ரசர் உடையும். அமோனியாவில் ஓடும் பெரிய கிடங்குகளில் பயிற்சி பெற்ற ஆபரேட்டரைத் தவிர வேறு யாரும் இந்த வால்வுகளைத் தொடக்கூடாது.

4. தண்ணீரால் உருக்குதல்

கம்ப்ரசரையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, காயில் மேல் சாதாரணத் தண்ணீரைத் தூவி உருக்குவது. வேகமான முறை, காயிலும் சுத்தமாகும். தண்ணீர் முழுவதும் தேங்காமல் வெளியேற அகலமான வடிகால் வேண்டும். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரைப் பயன்படுத்தினால் தகடுகளில் உப்புப் படிந்து நாளடைவில் அரிக்கும். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்துக்கே இது பொருந்தும்.

எத்தனை முறை உருக்க வேண்டும்? வாளி சொல்லும்

பல அறைகளில் டைமரை அமைத்தவர் ஒரு நாளைக்கு 4 முறை என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். மழைக்காலத்துக்கும் அதே 4, கோடைக்கும் அதே 4. அறை நிறையச் சரக்கு இருந்தாலும் காலியாக இருந்தாலும் அதே 4. இது சரியில்லை.

வடிகால் குழாயின் வெளிவாயில் ஒரு வாளியை வையுங்கள். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் எத்தனை லிட்டர் வருகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். உருக்கி முடித்ததும் டார்ச் அடித்துக் காயிலையும் பாருங்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ பனியை உருக்க ஏறக்குறைய 0.1 யூனிட் கரண்ட் போதும். உங்கள் ஹீட்டர் 3 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 30 நிமிடம் எரிந்தால் 1.5 யூனிட். வாளியில் வந்தது 2 லிட்டர் என்றால் பனிக்கு வேண்டியது வெறும் 0.2 யூனிட்தான். காயிலும் தட்டும் சூடாகக் கொஞ்சம் போகும். மீதியெல்லாம் அறையைச் சூடாக்கியிருக்கிறது. அந்தச் சூட்டை வெளியேற்றக் கம்ப்ரசர் மறுபடி ஓட வேண்டும். அதாவது ஒரே செலவு இரண்டு முறை.

இப்படி முடிவு செய்யுங்கள்:

காயில் சுத்தமாக இருக்கிறது, வாளியில் தண்ணீரும் குறைவு என்றால் 4 முறையை 3 ஆக்குங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுத் தேவையானால் 2 ஆக்குங்கள். மேலே சொன்ன ஹீட்டருக்கு 4 முறை 2 முறையானால் நாளைக்கு 3 யூனிட், மாதத்துக்கு 90 யூனிட் மிச்சம்.

வாளியில் நிறையத் தண்ணீர் வருகிறது, காயிலிலும் பனி மிச்சமிருக்கிறது என்றால் முறையைக் கூட்டுங்கள், அல்லது நேரத்தைச் சற்று நீட்டுங்கள்.

வாளியில் தண்ணீர் இல்லை, ஆனால் காயிலில் பனி கெட்டியாக இருக்கிறது என்றால் டைமரைத் தொட வேண்டாம். ஹீட்டர் எரிந்துபோயிருக்கலாம், அல்லது வடிகால் அடைத்திருக்கலாம். பழுதைச் சரிசெய்யுங்கள்.

அறுவடை மும்முரத்தில் புதுச் சரக்கு ஏற்றும் நாட்களிலும், அடைமழைக் காலத்திலும் தண்ணீர் கூடும். அப்போது முறையைக் கூட்டி, பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் எழுதி வைத்தால் உங்கள் அறையின் போக்கு கையில் வந்துவிடும்.

கரண்ட் போனால் டைமரைப் பாருங்கள்

பழைய முள் டைமர்கள் கரண்ட் போனதும் நின்றுவிடும். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் டைமரும் மூன்று மணி நேரம் பின்தங்கும். அதிகாலை 3 மணிக்கு வைத்த பனி உருக்கல், சரக்கு ஏற்றும் காலை 6 மணிக்கு நடக்கும். நீங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் குளிரூட்டலும் நின்றிருந்தால் அறை சூடாகிவிடும். நீண்ட நேரக் கரண்ட் தடைக்குப் பிறகு டைமரின் முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வையுங்கள். டிஜிட்டல் கன்ட்ரோலர் சிலவற்றில் கரண்ட் வந்ததும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். உங்களுடையது எப்படி என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனி உருகும்போது அறைக் காற்று சில டிகிரி ஏறுவது இயல்பு. குவித்து வைத்த பொருள் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அதைப் பார்த்துவிட்டு வெப்பநிலை அமைப்பை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் கதவையும் திறக்காதீர்கள்.

வடிகாலை மறக்காதீர்கள்

உருகிய நீர் வெளியேறாவிட்டால் தட்டிலேயே உறைந்து, கீழிருந்து மேலாக ஐஸ் ஏறும். வடிகால் குழாய்க்கு நல்ல சரிவு வேண்டும். குழாயில் 'யு' வளைவை அறைக்கு வெளியே வைக்க வேண்டும். அதில் எப்போதும் தண்ணீர் நிற்பதால் வெளிக்காற்றும் பூச்சியும் குழாய் வழியாக உள்ளே வராது. உறைநிலை அறையானால் உள்ளே உள்ள குழாய்க்கும் தட்டுக்கும் ஹீட்டர் கட்டாயம். மாதம் ஒருமுறை தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, வெளியே உடனே வருகிறதா என்று பாருங்கள்.

ஈரத்தை வாசலிலேயே நிறுத்துங்கள்

உள்ளே வராத ஈரத்தை உருக்க வேண்டியதில்லை. அதற்கான வழிகள்:

• அதிகாலையில் அறுவடை செய்து, நிழலில் வைத்து, சூடு தணிந்த பிறகு அறைக்குள் ஏற்றுங்கள்.
• கழுவிய கேரட், பீட்ரூட்டை நீர் வடிந்த பிறகே உள்ளே எடுங்கள். ஈரக் கிரேட்டுகளை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.
• கதவில் பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிடுங்கள். வேலை செய்ய இடைஞ்சல் என்று அதைத் தூக்கிக் கட்டிவிடாதீர்கள்.
• பத்து முறை திறப்பதற்குப் பதில், வேலையைச் சேர்த்து வைத்து இரண்டு மூன்று முறையில் முடியுங்கள்.
• கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.
• காயிலுக்கு முன்னும் பின்னும் கிரேட் அடுக்காதீர்கள். சுவரிலிருந்தும் காற்று வழிவிட்டு அடுக்குங்கள்.

பனி பிடித்த இடமே பழுதைக் காட்டும்

காயில் முழுவதும் சீராகப் பிடித்திருந்தால் வெறும் ஈரம்தான் காரணம். மேலே சொன்னபடி உருக்கினால் போதும். காயிலின் ஒரு பகுதியில் மட்டும் கனமாகப் பிடித்து மற்ற பகுதி வெறுமையாக இருந்தால், கேஸ் குறைந்திருக்கலாம் அல்லது கேஸ் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வில் கோளாறு இருக்கலாம். கீழ்ப்பகுதியில் மட்டும் கெட்டி ஐஸ் என்றால் வடிகால் அடைப்பு அல்லது உருக்கும் நேரம் போதாமை. ஒரு ஃபேனுக்கு எதிரே மட்டும் என்றால் அந்த ஃபேன் ஓடவில்லையா என்று பாருங்கள். மெக்கானிக்கிடம் போனில் பேசும்போது பனி எங்கே பிடித்திருக்கிறது என்று சொன்னால், அவர் தேவையான பொருளோடு வருவார். உங்களுக்கு ஒரு நாள் மிச்சமாகும்.

செய்யவே கூடாதவை

• கத்தி, திருப்புளி, கடப்பாரை கொண்டு ஐஸைக் குத்தாதீர்கள். காயில் குழாய் மெல்லியது. ஓட்டை விழுந்தால் கேஸ் முழுவதும் போய்விடும்; காயிலையே மாற்ற நேரிடலாம்.
• தீப்பந்தம், கேஸ் அடுப்பு, ஊதுகுழல் விளக்கு எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். சில யூனிட்டுகளில் உள்ள கேஸே தீப்பற்றக்கூடியது. சுவரின் உள்ளே உள்ள ஃபோமும் எரியும்.
• உப்புத் தூவாதீர்கள். அலுமினியத் தகடு அரித்துவிடும்.
• மெயின் சுவிட்சை அணைக்காமல் காயிலில் கை வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

காயில் முழுவதும் ஐஸ் கட்டிவிட்டால் சரக்கை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மெயினை அணைத்து, கதவைத் திறந்து, வெளியிலிருந்து ஒரு ஃபேனைக் காயிலை நோக்கி ஓடவிடுங்கள். அவசரமென்றால் மோட்டாரிலும் ஒயரிலும் படாதபடி சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றலாம். முழுவதும் உருகி, உலர்ந்த பிறகே மீண்டும் சுவிட்ச் போடுங்கள்.

கவனிப்பு அட்டவணை

தினமும்: அறை வெப்பநிலை, காயிலின் தோற்றம், வாளித் தண்ணீர் அளவு ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள்.

வாரம் ஒருமுறை: எல்லா ஃபேனும் ஓடுகின்றனவா, டைமர் நேரம் சரியா, கதவு ரப்பர் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

மாதம் ஒருமுறை: வடிகாலைச் சோதியுங்கள். பனி உருகும் நேரத்தில் கூடவே இருந்து, ஹீட்டர் எரிந்து அணைவதையும் ஃபேன் தாமதமாகத் தொடங்குவதையும் பாருங்கள்.

சீசன் முடிந்து அறை காலியாகும்போது: காயிலை முழுவதும் உருக்கி, தகடுகளில் உள்ள தூசியைக் கழுவி, மெக்கானிக்கை வைத்து ஹீட்டர், சென்சார், கேஸ் அளவைச் சோதியுங்கள்.

உங்கள் அறையில் வைக்கும் பொருளுக்கு ஏற்ற வெப்பநிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். போகும்போது வாளிக் கணக்கு எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அதைப் பார்த்தால் உங்கள் அறைக்கென்றே பொருந்தும் ஆலோசனையைச் சொல்வது எங்களுக்கும் சுலபம்.